கொதிக்கிற அறைக்கேற்ற பிராசசர்

கிட்ட வாருங்கள், கண்ணுகளே. சுவரோரம் இடம் இருக்கிறது, காலை நீட்டிக்கொள்ளுங்கள். தாகமெடுத்தவர்கள் இப்போதே குடித்துவிட்டு வந்துவிடுங்கள்; நடுவில் எழுந்து போனால் எனக்குக் கோபம் வராது, கதைக்கு வந்துவிடும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பெண்ணின் கதை வைத்திருக்கிறேன். அவள் ஒரு லேப்டாப் வாங்கப் போன கதை. இதில் என்ன இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். முழுதும் கேளுங்கள். கேட்டு முடித்ததும் உங்கள் முதுகு தானாக நிமிர்ந்திருக்கும், அதற்கு நான் பொறுப்பு.

அவளைச் சுருட்டை என்று கூப்பிடுவார்கள். சான்றிதழில் வேறொரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே வழிவிட்டு நிற்பாள். தலைமுடி அப்படி. நீராவியில் பாதி நாள் நின்றால் யார் முடிதான் சுருளாமல் இருக்கும்? அவள் அப்பா வைத்திருந்தது சலவைக்கடை. ஆஸ்பத்திரி விரிப்புகள், விடுதித் தலையணை உறைகள், அலுவலகக்காரர்களின் சட்டைகள் எல்லாம் அங்கே வரும். கீழ்த்தளத்தின் பின்பக்கம் பாய்லர். அதிலிருந்து நீராவி குழாய் வழியாகக் கிளம்பி இஸ்திரி மேசைகளுக்குப் போகும். மேசைகளில் ஒன்று சுருட்டையுடையது. சட்டைக் காலரை அவள் ஒரே இழுப்பில் படிய வைப்பதைப் பார்த்தால், அந்தச் சட்டைக்கே ஒரு மிடுக்கு வந்துவிட்டதென்று தோன்றும்.

பகலில் இது. சாயங்காலமானால் மாடி அறைக்குப் போய், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் வேறு ஆளாகிவிடுவாள். இணையத்தில் ஐந்துபேர் ஐந்துபேராக மோதும் விளையாட்டு ஒன்று. ஒரு அணி கோட்டையைக் காக்கும், இன்னொரு அணி உடைக்கப் பார்க்கும். சுருட்டைக்கு வாசல் காவல். மற்ற நால்வரும் எங்கே ஓடினாலும் அவள் வாசலைவிட்டு அசையக்கூடாது. எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து சேருவார்கள், பத்துப் பேரும், புகையும் நெருப்புமாக.

சரியாக அந்த நேரம் பார்த்து அவளுடைய பழைய லேப்டாப் திக்கும். ஓடிவருகிற எதிரி பாதிக் காலைத் தூக்கியபடி அப்படியே நிற்பான். படம் மறுபடி நகரும்போது வாசல் உடைந்திருக்கும்.

அணியின் தலைவி ஒரு பல் டாக்டர். கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து உட்காருவார். நாலு பேரின் வாயைத் திறக்க வைத்துப் பழகியவராதலால், பேச்சில் சுற்றி வளைக்க மாட்டார்.

“சுருட்டை, இது எத்தனாவது தடவை?” என்றார் அன்றைக்கு, தோற்ற கையோடு.

“நின்னுடுச்சு டாக்டரக்கா. நான் என்ன பண்ண?”

“படத்தோட தரத்தைக் குறைச்சுப் பார்த்தியா?”

“பொம்மை மாதிரி தெரியுற அளவுக்குக் குறைச்சுட்டேன். அப்பவும் திக்குது.”

“அப்போ படம் வரையற பாகத்துல கோளாறு இல்ல. கணக்குப் போடற பாகத்துலதான். பிராசசர். பத்துப் பேர் ஒரே இடத்துல கூடினா யார் எங்க நிக்கறாங்க, யார் சுட்டது யார் மேல பட்டதுன்னு அதுதான் கணக்குப் போடணும். உன்னோடது கிழடு, மூச்சு வாங்குது.” கொஞ்சம் நிறுத்தினார். “போட்டிக்கு முன்னாடி ஒரு தேர்வாட்டம் வைக்கப் போறேன். நம்ம அணியில மாத்து ஆளா இருக்கற வங்கிக்காரரும் வாசலுக்குக் கேட்டிருக்கார். அவர் ஒரு ஆட்டம், நீ ஒரு ஆட்டம். நல்லா காக்கறவங்களுக்கு இடம். அன்னைக்கும் மெஷின் நின்னுச்சுன்னா என்கிட்ட அழக்கூடாது.”

“அழ மாட்டேன்,” என்றாள் சுருட்டை. ஹெட்போனைக் கழற்றிய பிறகு கொஞ்சம் அழுதாள். அது டாக்டருக்குக் கேட்காது அல்லவா?

கண்ணுகளே, ஒரு இடம் என்பது சின்ன விஷயமா? கடையில் அவள் அப்பாவின் மகள். வீட்டில் அண்ணனுக்குத் தங்கை, அண்ணிக்கு நாத்தனார். இவள் இவளாக, தன் கையால் சம்பாதித்துக்கொண்ட ஒரே இடம் அந்த வாசல்தான். அதை ஒரு கிழட்டுப் பிராசசர் சில்லுக்காக விட்டுக்கொடுப்பதா? மறுநாளே சேமிப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தனியாகப் போக விட்டால்தானே! அம்மாவின் தம்பி ஒருவர் உண்டு, அலுவலகங்களில் பிரிண்டர் பழுது பார்ப்பவர். பிரிண்டர் மாமா. கணினி சம்பந்தமாக யார் எது வாங்கினாலும் அவரைக் கேட்காமல் வாங்கினால் ஒரு மாதம் பேசமாட்டார். பேசினால் அதைவிடக் கஷ்டம் என்பாள் அம்மா.

“நம்பரைப் பாரு, போதும்,” என்றார் மாமா வழியெல்லாம். “பெரிய நம்பர்னா பெரிய சிப்பு. கடைக்காரன் வேற எதைக் காட்டினாலும் கண்ணை மூடிக்க.”

“கண்ணை மூடிக்கிட்டா நம்பரை எப்படி மாமா பாக்கறது?”

“வாய் மட்டும் உங்கம்மா மாதிரியே இருக்கு உனக்கு.”

கடைக்குள் நுழைந்ததும் ஏசிக் காற்று முகத்தில் அறைந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அதையே மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். விற்பனையாளர் அவர்தான். நாமும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. என்ன விளையாட்டு, எங்கே திக்குகிறது, எவ்வளவு நேரம் ஆடுவாள் என்றெல்லாம் கேட்டுவிட்டு இரண்டு லேப்டாப்களை எடுத்து வைத்தார்.

ஒன்று தட்டு மாதிரி மெல்லியது. அதற்குள் இருபத்துநான்கு கோர் உள்ள பிராசசர். கோர் என்றால் என்ன என்று மலைக்காதீர்கள். சில்லுக்குள்ளே தனித்தனியாக உட்கார்ந்து கணக்குப் போடும் வேலையாட்கள், அவ்வளவுதான். இன்னொன்று செங்கல்லை இரண்டாக அடுக்கிய மாதிரித் தடிமன், எட்டு கோர்தான். ஆனால் அந்தச் சில்லின் மேலேயே விளையாட்டுக்கு அடிக்கடி வேண்டியதை வைத்துக்கொள்ளப் பெரிய சேமிப்பிடம் உண்டு என்றார் கண்ணாடிக்காரர்.

“இஸ்திரி மேசை பக்கத்துலயே ஹேங்கரை அடுக்கி வச்சிக்கிற மாதிரியா?” என்றாள் சுருட்டை. “ஒவ்வொண்ணுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டாம்.”

“அதேதாம்மா!”

“ஹேங்கராவது, ஸ்டோர் ரூமாவது,” என்று மாமா குறுக்கே விழுந்தார். “இருபத்துநாலு பேர் பெருசா, எட்டுப் பேர் பெருசா? கணக்குத் தெரியாதா உனக்கு?”

இரண்டிலும் அவள் அந்த விளையாட்டைப் போட்டு ஆடிப் பார்த்தாள். வாசலில் கூட்டம் கூடும் பயிற்சிச் சண்டையாகப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஆடினாள். மெல்லியது வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது. தடித்ததும் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் மெல்லியதுதான் ஒரு கை மேலே.

கண்ணாடிக்காரர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கதையின் முடிச்சே அந்தக் கேள்வியில்தான் விழுந்தது. “நீங்க உக்காந்து ஆடற ரூம் ரொம்பச் சூடா இருக்குமாம்மா?”

சுருட்டை யோசித்தாள். மாடியறை. ஜன்னல் உண்டு. “சேச்சே, இல்ல சார். சாதாரணமாதான் இருக்கும்.”

பொய் இல்லை, கண்ணுகளே. மனசறிந்து சொன்னாள். பிறந்ததிலிருந்து அவள் படுத்து எழுந்த அறை அது.

மெல்லியது வீட்டுக்கு வந்தது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்து, இவ்வளவு லேசா என்று வியந்தார். அண்ணன் ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தான். மாமா எல்லாரிடமும் இருபத்துநாலு, இருபத்துநாலு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்று சாயங்காலம் பயிற்சி ஆட்டம். சுருட்டை வாசலில் நின்றாள். முதல் தாக்குதலில் எதிரிகள் துல்லியமாக, வழவழவென்று ஓடிவந்தார்கள். ஒருவனைக்கூட விடவில்லை அவள். “யாரு இது, புது ஆளா?” என்று டாக்டரே கேலி செய்தார். இரண்டாவது தாக்குதலிலும் அப்படியே.

மூன்றாவதில் ஓடிவந்தவன் பாதிக் காலைத் தூக்கியபடி நின்றான்.

படம் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. வாசல் போயிற்று. டாக்டர் மெதுவாக, “புதுசுன்னு சொன்ன?” என்றார்.

மறுநாளும் அதே கதை. ஆரம்பத்தில் குதிரை, போகப் போக நத்தை. லேப்டாப்பின் அடியில் கைவைத்தால் சுட்டது. “ஏமாத்திட்டான் கடைக்காரன்,” என்று மாமா குதித்தார். சுருட்டை கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். கடையில் இவ்வளவு நேரம் ஆடினேனே, அங்கே ஓடியது இங்கே ஏன் ஓடவில்லை? அங்கே இருந்து இங்கே இல்லாதது எது?

துவைத்த துணிகளை வைக்க அண்ணி மேலே வந்தாள். கதவைத் திறந்தவள், வழக்கம்போல் முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். அண்ணிக்கு அலட்டல் ஜாஸ்தி என்று சுருட்டை நினைத்துவைத்திருந்தாள்.

“அண்ணி, இந்த ரூம் சூடாவா இருக்கு?”

அண்ணி துணிக்கட்டைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “கிண்டலா?”

“நெசமா கேக்கறேன்.”

“ஏன்டி, உங்க வீட்ல ஒருத்தருக்குமே தெரியாதா? கீழ பாய்லர். அந்தக் குழாய் இந்தச் சுவருக்குள்ளதான் ஏறுது. சுவத்துல கை வச்சுப் பாரு. இதுல மனுஷன் இருப்பானா? நான் கல்யாணமாகி வந்த புதுசுல இந்த ரூம் வாசல்ல மயக்கம் போட்டு விழுந்தேனே, ஞாபகம் இருக்கா?”

“அது... நீங்க வெக்கத்துல விழுந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க.”

“வெக்கத்துலயா!” அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றாள். “இத்தனை வருஷமா என்னைப் பத்தி அப்படியா நினைச்சிட்டிருக்கீங்க? உங்கண்ணன் மூஞ்சியைப் பார்த்து நான் எதுக்குடி வெக்கப்படணும்?”

சுருட்டை எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. அது அவளுக்குச் சுவரின் சுபாவம். சுவரென்றால் அப்படித்தான் இருக்கும். அவள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான். பாய்லர் பக்கத்தில் பிறந்து, நீராவியில் வளர்ந்து, வெயில் நாளில்கூட இன்றைக்குக் காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பழகிய குடும்பம். கண்ணாடிக்காரர் கேட்ட கேள்விக்கு அந்த வீட்டில் சரியான பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அண்ணி. அவளை யாரும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

கடைக்காரர் மேல் தப்பில்லை. மெஷின் மேலும் தப்பில்லை. இருபத்துநான்கு வேலையாட்களையும் ஒரு மெல்லிய தட்டுக்குள் அடைத்து, அந்தத் தட்டைக் கொண்டுபோய் அடுப்பின் தலையில் வைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? சில்லு சூடானதும் எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கீழே அப்பாவின் பாய்லரில் அழுத்தம் கூடினால் வால்வு தானாகத் திறந்துகொள்வதில்லையா, அதுபோல.

அன்றைக்கு முழுதும் அவள் போராடினாள். லேப்டாப்பின் பின்பக்கத்தைத் தூக்கி வைத்தாள். பக்கத்தில் மின்விசிறி வைத்தாள். அது சூட்டை வாரி வாரி அதன் முகத்திலேயே அடித்தது. சில்லுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்துப் பார்த்தாள். சீராகத்தான் ஓடியது, ஆனால் பத்துப் பேரும் கூடும் நேரத்தில் பழையபடி திக்கியது. ஏசி வைக்கலாம் என்று பேச்செடுத்தபோதே அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். துவைக்கிற மெஷினும் பிழிகிற மெஷினும் சேர்ந்து ஓடும்போதே ஃபியூஸ் போகிற வீடு. வேறு அறை? கீழே முழுதும் கடை. மேலே இருந்த இன்னோர் அறையில் அண்ணனும் அண்ணியும். அம்மாவும் அப்பாவும் படுப்பதே மூட்டைகளுக்கு நடுவில்தான்.

அப்பா படியேறி வந்து கதவோரம் நின்றார். பேசத் தயங்கினால் காதைச் சொறிந்துகொள்வது அவர் வழக்கம்.

“தேர்வாட்டம் எப்பன்னு சொல்லு. அன்னைக்குச் சாயங்காலம் பாய்லரை அணைச்சிடறேன்.”

“ஆஸ்பத்திரி விரிப்பு?”

“கொஞ்சம் தாமதமாகும்னு சொல்லிக்கலாம்.”

பாய்லரை அப்பா அணைத்து அவள் பார்த்ததே இல்லை, தாத்தா இறந்த அன்றைக்குத் தவிர. ஆனாலும் தலையை ஆட்டினாள். “வேணாம்பா.”

“ஏன்டா?”

“அன்னைக்கு அணைப்பீங்க. மறுநாள்? அதுக்கு அடுத்த நாள்? இடம் கிடைச்சா நான் தினமும் ஆடணும். உங்க பாய்லர் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்போது ஆடணும். ஒரு நாளைக்கு மட்டும் இருக்கற இடம் எனக்கு எதுக்குப்பா?”

அப்பா காதைச் சொறிந்தார். “சரி. அப்போ என்ன செய்யப் போற?”

“மாத்தப் போறேன்.”

பெட்டியும் அட்டையும் கசங்காமல் வைத்திருந்தாள் என்பதால் கடையில் மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். மாமாதான் ஒப்புக்கொள்ளவில்லை. “இருபத்துநாலுலேர்ந்து எட்டுக்கு இறங்கறதா? வெளிய சொல்ல முடியுமா? ஊரெல்லாம் சொல்லிட்டேனே நான்!”

“ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன் மாமா. நீங்க அந்தப் பையைப் பிடிங்க.”

கண்ணாடிக்காரர் கதை முழுதும் கேட்டுவிட்டுத் தடித்த லேப்டாப்பை எடுத்தார். கூடவே இன்னொன்றையும் எடுத்தார். “இதையும் பாருங்கம்மா. அதே எட்டு கோர் சிப்தான். ஆனா உடம்பு மெலிசு, தூக்க லேசு.” மாமாவின் முகம் மலர்ந்தது. மெலிசு என்றாலே அவருக்கு மரியாதை.

சுருட்டை இரண்டையும் பார்த்தாள். “சார், இதையெல்லாம் சூடான இடத்துல வச்சு ஆடிப் பாக்கணும்.”

அவர் சிரித்துவிட்டார். “சூடான இடமா? இங்க வர்றவங்க எல்லாம் ஏசிக்குக் கீழதான் நாற்காலி கேப்பாங்க. சூட்டுக்கு நான் எங்கம்மா போவேன்?”

“இங்க இவ்வளவு குளிருதே, இந்தச் சூடெல்லாம் எங்க போகுது?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். நெற்றியிலிருந்த கண்ணாடியை முதன்முறையாகக் கண்ணுக்கு இறக்கி அவளைப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்துவிட்டார்.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. காலி அட்டைப்பெட்டிகள், ஒரு உடைந்த நாற்காலி, சுவரில் வரிசையாக ஏசிகளின் வெளிப்பெட்டிகள். ஒவ்வொன்றும் உறுமிக்கொண்டு கொதிக்கிற காற்றைத் துப்பியது. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ” என்று உள்ளே போகப் பார்த்தார். சுருட்டை, கடைக்குள்ளிருந்து இழுத்து வந்த மின்கம்பிச் சுருளை அவர் கையில் திணித்தாள். தானே இரண்டு காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்து மற்றதில் மெல்லிய எட்டு கோரை வைத்தாள். வெப்பம் முதுகில் அடித்தது. அவளுக்கு வீட்டில் இருப்பது போலவே இருந்தது.

ஆடினாள். முதல் தாக்குதல் ஓடியது. இரண்டாவதில் லேசாகத் தடுக்கியது. மூன்றாவதில், தெரிந்ததுதானே, பாதிக் காலைத் தூக்கியபடி நின்றான்.

“அதே சிப்புதானே?” என்றார் மாமா குழம்பி. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

“அதே சிப்புதான். மூச்சுவிட இடம் இல்ல.” மூடி ஓரமாக வைத்தாள். “அடுத்ததைக் கொடுங்க.”

சந்து வழியாகப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடைக்குள்ளிருந்து வேலையாட்கள் கதவிடுக்கில் தலையை நீட்டினார்கள். வெளிக்காற்று வாங்க வந்த ஒரு காவலாளி, “இந்தப் பொண்ணு உள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணுச்சா, வெளிய உக்கார வச்சிருக்கீங்க?” என்று கண்ணாடிக்காரரிடம் கேட்டார். சுருட்டை எதையும் காதில் வாங்கவில்லை. தடித்த செங்கல்லை மடியருகே இழுத்தாள். தொடங்கியதும் அதன் விசிறி விர்ரென்று இரைந்தது. கொஞ்ச நேரத்தில் முடி உலர்த்தும் கருவி மாதிரி கத்தியது. பின்பக்கத் துளைகளிலிருந்து பீறிட்ட சூடு மாமாவின் சட்டையைப் படபடக்க வைத்தது.

மூன்றாவது தாக்குதல். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஓடிவந்தவன் ஓடிவந்துகொண்டே இருந்தான். சுட்டாள். நான்காவது. ஐந்தாவது. பத்துப் பேரும் வாசலில் முட்டி மோதினார்கள், புகை எழுந்தது, நெருப்பு பற்றியது. படம் ஒரு நூல் இழைகூடத் தடுக்கவில்லை. கடைக் குளிரில் மெல்லியது காட்டிய அந்த உச்சி வேகம் இதற்கு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் இது எதைக் கொடுத்ததோ அதைக் கடைசிவரை கொடுத்தது.

“போதும்டி,” என்று கெஞ்சினார் மாமா. “நான் வெந்துட்டேன்.”

“இன்னும் ரெண்டு ஆட்டம் மாமா. நீங்க உள்ள போங்க, கம்பியை மட்டும் அந்தக் கொக்கியில மாட்டிட்டுப் போங்க.”

அவர் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி கடைசி ஆட்டம்வரை நின்றார். முடிந்ததும் அந்தச் செங்கல்லைத் தூக்கிப் பார்த்து, முனகினார்: “கனமாத்தான் இருக்கு. கனமா இருக்கறது நல்லதுதான். திருடன் தூக்க மாட்டான்.” அதுதான் மாமா தோல்வியை ஒப்புக்கொள்கிற விதம்.

தேர்வாட்டத்தன்று விடுதியிலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்புகள் வந்திருந்தன. அப்பா பாய்லர் அருகே நின்று, கொஞ்சம் குறைக்கட்டுமா என்பதுபோல் மகளைப் பார்த்தார். சுருட்டை தன் மேசை வேலையை முடித்து, இஸ்திரியைத் தொங்கவிட்டு, “முழுசா விடுங்கப்பா,” என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

முதல் ஆட்டம் வங்கிக்காரருடையது. நிதானமான கை. அவர் வாசல் ஒரே ஒருமுறைதான் உடைந்தது; எப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, “தெரியலையே” என்றார். சுருட்டை பார்த்துக்கொண்டே விரல்களை நெட்டி முறித்தாள். சுவர் வெதுவெதுத்தது. செங்கல் இரைந்தது. அண்ணி ஒரு சொம்பு தண்ணீரை வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே, காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அவள் ஆட்டம் தொடங்கியது. முதல் தாக்குதலைத் தடுத்தாள். இரண்டாவதையும் தடுத்தாள். மூன்றாவது வந்தபோது அவள் கண் திரையில் இல்லை. எங்கே நிற்கப் போகிறதோ என்று விசிறிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இமைப்பொழுதில் இடது பக்க மதில் வழியாக ஒருவன் குனிந்து புகுந்தான். வாசல் உடைந்தது.

ஹெட்போனில் டாக்டரின் குரல் சலிப்பாக வந்தது. “மறுபடியும் நின்னுச்சா?”

கண்ணுகளே, ஆமாம் என்று சொல்ல எவ்வளவு சுலபம்! யாருக்குத் தெரியப் போகிறது? இத்தனை நாள் அதுதானே நடந்தது? அவள் நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீர்ச் சொம்பை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

“இல்ல டாக்டரக்கா. மெஷின் நல்லா ஓடுது. இடது பக்கத்தை நான்தான் பாக்கல.”

“சரி. இனிமே பாரு,” என்றார் டாக்டர்.

பார்த்தாள். விசிறி கத்துகிறதா, சுவர் சுடுகிறதா என்பதெல்லாம் காதைவிட்டுப் போயிற்று. இடது மதிலும் வலது மதிலும் நடு வழியும் அவள் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தன. நான்காவது தாக்குதலில் இடது பக்கமாக வந்தவனை மதிலேறும் முன்பே சாய்த்தாள். ஐந்தாவதில் மூவர் சேர்ந்து வந்தார்கள். பின்வாங்கவில்லை, நின்ற இடத்தில் நின்று மூவரையும் முடித்தாள். கடைசித் தாக்குதலில் பத்துப் பேரும் வாசலில் குவிந்தபோது புகைக்குள் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு கையும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆட்டம் முடிந்தது. வாசல் நின்றது.

அவருக்கும் ஒன்று, இவளுக்கும் ஒன்று. சரிக்குச் சரி. வங்கிக்காரர் பெருந்தன்மையாக, “நல்லா ஆடினீங்க,” என்றார். சுருட்டை டாக்டரின் பேச்சுக்காகக் காத்திருந்தாள்.

“சுருட்டை, நீ இருக்க,” என்றார் டாக்டர். “ஏன்னு கேக்கறியா? வங்கிக்காரரே, நீங்களும் கேளுங்க, அடுத்த தடவைக்கு உதவும். உங்க வாசல் எப்படி உடைஞ்சுதுன்னு கேட்டப்போ, தெரியலன்னீங்க. இவ சொன்னா. சொன்னதோட நிக்காம அடுத்த தடவையே அந்த ஓட்டையை அடைச்சா. இத்தனை நாளா இவ தப்பு எது, மெஷின் தப்பு எதுன்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கவே முடியல. இப்போ தெரியுது. தப்பு தெரிஞ்சவளைத் திருத்தலாம். நாளைக்குச் சாயங்காலம் பயிற்சி. தாமதமா வந்தா பல்லைப் பிடுங்கிடுவேன்.”

சுருட்டை ஹெட்போனைக் கழற்றினாள். கழுத்தெல்லாம் வியர்வை. வாழ்க்கையில் முதன்முறையாக அந்த அறை சூடாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது. கதவைத் திறந்தாள்.

“என்னடி ஆச்சு?” என்று எழுந்தாள் அண்ணி.

“இடம் எனக்குத்தான் அண்ணி.”

அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு, உடனே தள்ளியும் விட்டாள். “ச்சீ, நனைஞ்ச விரிப்பு மாதிரி இருக்க. போ, போய்க் குளி.” சொல்லிவிட்டுப் படியில் குனிந்து, கீழே இருந்த மாமனாருக்குக் கேட்கக் கத்தினாள்: “மாமா! உங்க பொண்ணு ஜெயிச்சிட்டா! அந்தப் பாய்லரை இன்னும் நல்லா எரிய விடுங்க!”

கீழேயிருந்து நீராவி உஸ்ஸென்று சீறியது. அப்பாவின் குரல் அதற்கும் மேலே கேட்டது, என்ன சொன்னார் என்று புரியவில்லை. சுருட்டை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

கதை அவ்வளவுதான், என் கண்ணுகளே. கால் மரத்துப்போனவர்கள் மெதுவாக எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும், அந்தச் சூடு யாரையும் வாட்டாதிருக்கட்டும். வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்குள் வந்தவர்களின் பேச்சு உங்கள் காதில் விழட்டும். உங்கள் பிள்ளைகள் ஆசைப்பட்ட இடத்தில் அசையாமல் நிற்கட்டும். கதவு திறந்தால் நல்லவர்கள் நுழையட்டும், மூடினால் நிம்மதி உள்ளே தங்கட்டும். போய் வாருங்கள், பத்திரமாகப் போய் வாருங்கள்.